பில்லுல பாதி நான் குடுத்தே ஆகணுமா?

கேள்வி: எனக்கு 29 வயசு. சிங்கப்பூர்லதான் பொறந்து வளர்ந்தேன், ஈசூன்ல அப்பா அம்மாவோட இருக்கேன், அக்கவுண்ட்ஸ்ல வேலை, சம்பளம் 4,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ரெண்டு வருஷமா ஒரு சீனரோட பழகுறேன், அவருக்கு 31 வயசு, 6,200 சம்பளம். ரெண்டு பேருமே சீரியஸாத்தான் இருக்கோம், அடுத்த வருஷம் பிடிஓ வீட்டுக்கு, அதான் அரசாங்கம் புதுசாக் கட்டிக் குடுக்குற அடுக்குமாடி வீட்டுக்கு, அப்ளை பண்ணலாம்னு பேச்சு. அவங்க வீட்டுக்கு மொதத் தடவ போனப்ப அவரோட அத்தை எனக்குப் புரியாதுன்னு நெனச்சுகிட்டு, "இந்தியப் பொண்ணா, வேலைக்குப் போகுதா, வீட்டுல கஷ்டமா"ன்னு மாண்டரின்ல கேட்டாங்க. எனக்குப் புரிஞ்சுது. அன்னைலேர்ந்து எங்க போனாலும் பில்லுல பாதி நான் குடுத்துடுவேன், நெறைய நாள் முழு பில்லும் நானே. கார்டுல இப்ப 8,400 வெள்ளி நிக்குது. வீடு வாங்கன்னு மாசம் 300 தனியாப் போடுறேன், அதுல 4,100 சேந்துருக்கு. டிசம்பர்ல அவர் குடும்பம் ஜப்பான் போகுது, என்னையும் கூப்பிட்டிருக்காங்க, என் பங்கு 3,500 ஆகும். ஒரு பேங்க்லேர்ந்து 12,000 வெள்ளி பர்சனல் லோன், 3.5 பெர்சென்ட், மூணு வருஷம்னு மெசேஜ் வந்துருக்கு. அத எடுத்து கார்ட அடைச்சுட்டு ஜப்பானும் போய்ட்டு வந்துடவா? அவருக்கு இந்தக் கடன் பத்தித் தெரியாது. "சும்மா கோப்பிக்கடையில சாப்பிடலாமே"ன்னு அவர் அடிக்கடி சொல்றாரு, என்மேல பாவப்பட்டு சொல்றாரோன்னு அதுவும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

பதில்: லோன் வேண்டாம்மா. ஜப்பானும் இந்த டிசம்பர் வேண்டாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

செலவக் கொறைங்க, பட்ஜெட் போடுங்கன்னு நான் உங்களுக்கு கிளாஸ் எடுக்கப் போறதில்ல, அக்கவுண்ட்ஸ்ல வேலை பாக்குறவங்களுக்கு அதெல்லாம் என்னைவிட நல்லாவே தெரியும். நான் பாத்தது ஒண்ணே ஒண்ணு. இங்க சுருக்கிப் போட்டிருக்கிற உங்க முழு லெட்டர்ல நீங்க "அவுட்டிங் மாசம் ஒரு 500 ஆகும்"னு எழுதியிருக்கீங்க, கூடவே மூணு மாச ஸ்டேட்மெண்ட்டும் அனுப்பியிருக்கீங்க, அதுல சாப்பாடு, பார், ஹோட்டல், கிஃப்ட் எல்லாத்தையும் உக்காந்து கூட்டுனேன், 3,870 வெள்ளி வருது. அப்படின்னா மாசம் 1,290. பொய் சொல்றீங்கன்னு சொல்ல வரல, கார்டுல தேய்க்கும்போது கையில காசு போறது தெரியாது, எல்லாருக்கும் அப்படித்தான். ஆனா கடன் எங்கேர்ந்து வந்துச்சுன்னா இங்கேர்ந்துதான் வந்துச்சு, வேற எங்கேர்ந்தும் இல்ல.

கணக்க தோராயமாப் போட்டுப் பாக்கலாம். 4,600ல மசேநிதிக்கு (மத்திய சேம நிதி, சிபிஎஃப்) 20 பெர்சென்ட் போனா கையில 3,680. அம்மாவுக்கு 700, மதியச் சாப்பாடு எம்ஆர்டி போன் இன்சூரன்ஸ்னு 950, மிச்சம் 2,030. அதுல 300 சேமிப்பு, 630 துணிமணி இதர செலவு, கார்டுக்கு 1,100 கட்டுறீங்க. கார்டுல புதுசா ஏறுறது 1,290, அதுக்கு மேல 8,400க்கு 27 பெர்சென்ட் வட்டி, மாசத்துக்கு 189. ஆக மாசாமாசம் 1,100 கட்டியும் கடன் 380 வெள்ளி கிட்ட ஏறிகிட்டே இருக்கு. இன்னொண்ணும் இருக்கு, பழைய பாக்கி நிக்கிற கார்டுல புதுசா வாங்குறதுக்கு அந்த வட்டியில்லாத நாள் எல்லாம் கெடைக்காது, தேய்ச்ச நாள்லேர்ந்தே வட்டி ஓடும். சனிக்கிழம ராத்திரி சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ஞாயித்துக்கிழம காலைலேர்ந்து வட்டி.

"மைல்ஸ் சேருதே"ன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க, கார்டுல செலவு பண்ணா விமான டிக்கெட்டுக்குச் சேர்ற பாயிண்ட்தான் அது, இந்த மைல்ஸ் கார்டு மோகம் இங்க எல்லாரையும் புடிச்சு ஆட்டுது, எனக்கு இதுல பொறுமை கொறைஞ்சுகிட்டே வருது. ஒரு வெள்ளிக்கு நாலு மைல்னே வச்சுக்குவோம், அதுவே ரொம்பத் தாராளம், 1,290க்கு 5,160 மைல். மைலுக்கு ஒன்றரை காசு மதிப்புன்னா 77 வெள்ளி. வட்டி 189. மாசா மாசம் முழுசாக் கட்டுறவங்களுக்குத்தான் அந்தக் கார்டு, பாக்கி வச்சிருக்கவங்களுக்கு அது பொறி. கிஃப்ட் வாங்குனத மூணு தவணையா பிரிக்கிற ஆப் ஒண்ணும் ஸ்டேட்மெண்ட்ல தெரியுது, அதையும் போன்லேர்ந்து எடுத்துடுங்க, வட்டி இல்லன்னு போட்டிருந்தாலும் 268 வெள்ளி ஹேம்பர 90 வெள்ளி மாதிரி தெரிய வைக்கிறதுதான் அதோட வேலையே.

இப்ப லோனுக்கு வர்றேன். கார்டு 27, லோன் 3.5, அப்ப லோன்தானே லாபம்னு கேட்டிருக்கீங்க. அந்த 3.5 ஃப்ளாட் ரேட், நீங்க அசல அடைக்க அடைக்கவும் முழு 12,000க்கும் வட்டி போடுவாங்க, நெசமான வட்டி ஆறரை ஏழு கிட்ட வரும், அப்பவும் கார்ட விடக் கம்மிதான், அது நெசம். மாசம் 368, முப்பத்தாறு மாசம். ஆனா லோன் எடுத்த அன்னைக்கு உங்க கார்டு காலியாகும், லிமிட் திரும்ப வரும், சனிக்கிழமையும் வரும். இப்படி லோன் போட்டு கார்ட அடைச்சவங்க ஒன்றரை வருஷத்துல லோனும் கார்டும் ரெண்டையும் தூக்கிகிட்டு என்கிட்ட வந்து நிக்கிறத நான் நெறையப் பாத்துட்டேன்.

உங்களுக்கு லோனே தேவையில்லங்கறதுதான் விஷயம். சேமிப்புல 4,100 இருக்குல்ல, அது ரெண்டு பெர்சென்ட்கூட தராத அக்கவுண்ட்டுல உக்காந்திருக்கு, பக்கத்துல 27 பெர்சென்ட்ல கடன் எரியுது. நாளைக்கே 3,000 எடுத்து கார்டுல கட்டுங்க. பாக்கி 5,400. வீட்டுக்குச் சேத்த காசாச்சேன்னு மனசு பதறும், பதற வேண்டாம், வீட்டுக்கான உங்க சேமிப்பு மசேநிதியிலதான் இருக்கு. உங்க வயசுல சம்பளத்துல 23 பெர்சென்ட் மசேநிதியில வீட்டுக்கு எடுக்கக்கூடிய சாதாரணக் கணக்குக்குப் போகுது, அதாவது மாசம் 1,058 வெள்ளி நீங்க தொடாமலே வீட்டுக்குச் சேந்துகிட்டு இருக்கு. பிடிஓ நாலறை வீட்டுக்குப் புக்கிங் அப்ப ரொக்கமாக் கேக்குற ஆப்ஷன் ஃபீஸ் 2,000, உங்க பாதி 1,000, அதுக்கு மிச்சமிருக்கிற 1,100 போதும்.

அப்புறம் ஒரு அஞ்சாறு மாசம் அந்த 300 சேமிப்ப நிறுத்தி கார்டுக்குத் திருப்புங்க, இதர செலவுல 200 இறுக்கிப் புடிங்க, அவுட்டிங்க 400க்குள்ள கொண்டாந்து கார்டத் தொடாம பேநவ்ல, அதான் போன்லேர்ந்து நேரா பேங்க் காச அனுப்புறது, கட்டுங்க. கார்டுக்குப் போற 1,100ல இந்த 400 போக 700, கூட 500, மாசம் 1,200. மொத மாசம் வட்டி 122 போக பாக்கி 4,322, அடுத்தது 3,219, அப்புறம் 2,091, 938, அஞ்சாவது மாசம் முடிஞ்சுது. மொத்த வட்டி 360 வெள்ளிக்குள்ள. நடுவுல ஒரு பல்லு வலி, ஒரு கல்யாண மொய்னு வந்து ஆறு மாசம் ஆனாலும் பரவாயில்ல. அம்மாவுக்குக் குடுக்குற 700ல மட்டும் கை வைக்காதீங்க.

இதுல கஷ்டமான இடம் அந்த 400ன்னு எனக்குத் தெரியும். அதத்தான் பேசணும்.

அந்த அத்தை கேட்டது வலிக்கத்தான் செய்யும். நம்ம பொண்ணுங்க இங்க வேத்து இனத்துல ஒருத்தரோட பழகும்போது பின்னாடி எப்பவுமே ஒரு பார்வை இருக்கு, பணத்துக்காகப் பழகுறாளோன்னு ஒரு பக்கம், நம்ம ஆளுங்க கிடைக்கலயான்னு இன்னொரு பக்கம், ரெண்டு பக்கமும் வாங்கிக்கட்டிகிட்டு நிமிந்து நிக்கிறது லேசுல்ல. ஆனா அந்த ஒரு கேள்விக்கு ரெண்டு வருஷமா நீங்க பதில் சொல்லிகிட்டே இருக்கீங்க, அதுவும் அத்தைக்கு இல்ல, அவங்க அந்த டேபிள்லயே இல்ல. ஓமகாசேன்னு சமையல்காரர் இஷ்டத்துக்குப் பரிமாறுற ஜப்பான் சாப்பாடு ஒண்ணுக்குப் போயிருக்கீங்க, ஆளுக்கு 180, அதுக்கு மேல சர்வீஸ் 10 பெர்சென்ட், ஜிஎஸ்டி 9 பெர்சென்ட், ரெண்டு பேருக்கு 430 வெள்ளி, முழுசும் நீங்க. அந்த இடத்தத் தேர்ந்தெடுத்ததும் நீங்கதான்னு உங்க லெட்டர்லயே இருக்கு. அவர் கேட்டது கோப்பிக்கடை.

அவர் பாவப்பட்டு சொல்றாருன்னு எப்படி முடிவு பண்ணீங்க? 6,200 சம்பளக்காரருக்கும் 430 வெள்ளி பெரிய காசுதான். அவர் வளர்ந்ததும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பிளாக்குக்குக் கீழ இருக்கிற கோப்பிக்கடையிலதான், அவருக்கு அது வீடு மாதிரி. அங்க வான்னு கூப்பிடுறவர நீங்க ரெண்டு வருஷமா ஹோட்டலுக்கு இழுத்துகிட்டுப் போறீங்க. பாதிக்குப் பாதி குடுக்குறது நல்ல பழக்கம், அத விடச் சொல்லவே மாட்டேன், 14 வெள்ளி பில்லுல 7 வெள்ளி குடுங்க, அதுவும் பாதிதான்.

400 வெள்ளியில எங்க போறதுன்னு கேப்பீங்க. ஒரு சனிக்கிழம சாயங்காலம் வாட்டர்லூ ஸ்ட்ரீட் போங்க. குவான் யின் கோயில் வாசல்ல பத்தி வச்சுக் கும்பிட்ட சீன ஆளுங்க, ரெண்டு அடி தள்ளி நம்ம ஸ்ரீ கிருஷ்ணன் கோயில்லயும் வந்து பத்தி ஏத்திக் கும்பிட்டுப் போவாங்க, அங்க அதுக்குன்னே ஊதுபத்திச் சட்டி வச்சிருக்காங்க. உங்கள மாதிரி ஒரு ஜோடி நின்னு பாக்க வேண்டிய இடம் இந்த ஊர்ல அதுதான்னு நான் சொல்வேன், ஒரு காசு செலவில்ல. எங்க அம்மா என்னை சின்னப் பிள்ளையில கூட்டிப் போவாங்க, பக்கத்துல நின்ன சீனப் பாட்டி எனக்கும் சேத்து பத்தியக் கொளுத்திக் குடுத்தது இன்னும் கண்ணுல நிக்குது. கும்பிட்டுட்டு ஆல்பர்ட் சென்டர் ஹாக்கர்ல ரெண்டு பேரும் சாப்பிட்டா 15 வெள்ளிக்குள்ள முடியும்.

இன்னொரு வாரம் சாங்கி பாயிண்ட்லேர்ந்து பம்போட்டுங்கற சின்னப் படகுல புலாவ் உபின் தீவு, ஆளுக்குப் போக 4 வர 4, சைக்கிள் வாடகை இளநி சாப்பாடு எல்லாம் சேத்து 60 வெள்ளிக்குள்ள ஒரு முழு நாள். கேம்பல் லேன்ல இந்திய மரபுடைமை நிலையம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இலவசம், உங்க தாத்தா காலத்துக் கதைய அவருக்குச் சொல்லிக்காட்ட அதைவிட நல்ல இடம் கெடையாது, வெளிய வந்தா தேக்கா சென்டர் அங்கயே இருக்கு. எஸ்பிளனேட்ல காசில்லாம பாட்டுக் கச்சேரி நடக்கும், கார்டன்ஸ் பை த பேல 7.45க்கும் 8.45க்கும் அந்த வெளக்குக் காட்சியும் சும்மாதான். டிக்கெட் வாங்கி ஒரு நாடகம் பாக்கணும்னா கல்ச்சர் பாஸ்ல ஆளுக்கு 100 வெள்ளி கவர்மெண்ட் குடுத்துருக்கு, 2028 கடைசி வரைக்கும் செல்லும், உங்க ஸ்டேட்மெண்ட்ல போன மாசம் ஒரு ஷோவுக்கு 96 வெள்ளி கார்டுல கட்டியிருக்கீங்க, அதப் பாத்தப்ப எனக்கு வயித்தெரிச்சலாவே போச்சு. அந்த ஷோ பாஸ்ல வருமான்னு ஒரு தடவ தட்டிப் பாத்துருக்கலாம்.

சீனப் புத்தாண்டுக்கு அந்த 268 வெள்ளி அபலோன் ஹேம்பர், அதுக்கும் இதே பயம்தானே காரணம். ஒரு ஜோடி ஆரஞ்சு, ரெண்டு கையாலயும் குடுத்து ஒரு வாழ்த்துச் சொன்னா முறை முடிஞ்சுது. கல்யாணம் ஆகாத பொண்ணு நீங்க, அங்பாவ் (சிவப்பு உறையில வச்சுக் குடுக்குற பணம்) குடுக்க வேண்டியதில்ல, குடுத்தா வாங்கிக்கலாம். உங்களுக்கு மாண்டரின் புரியும்ல, வாழ்த்த அந்த அத்தைக்கு மாண்டரின்லயே சொல்லுங்க, ஹேம்பர்ல வராத மரியாதை அதுல வரும்.

ஜப்பானுக்கு அவங்க கூப்பிட்டது சந்தோஷமான விஷயம், அத மறுக்குறது சங்கடம்தான். "வீட்டுக்குக் காசு ஒதுக்குறேன், அடுத்த தடவ வர்றேன்"னு சொல்லுங்க, அதுல பொய் ஒண்ணும் இல்ல, ஒரு சீனக் குடும்பத்துக்கு அது புரியாமப் போகாது.

கடைசியா அவர்கிட்டச் சொல்ற விஷயம். இத தள்ளிப் போடாதீங்க. பிடிஓவுக்கு மொதல்ல எச்எஃப்இ லெட்டர், அதாவது வீடு வாங்கத் தகுதி இருக்கான்னு வீவக குடுக்குற கடுதாசி, வாங்கணும், அதுல ரெண்டு பேரோட சம்பளமும் கடனும் பாப்பாங்க, கார்டு பாக்கி அங்க வெளிய வந்துடலாம். உங்க ரெண்டு பேர் சம்பளம் சேத்து 10,800, 14,000 வரம்புக்குள்ளதான் இருக்கீங்க, ஒரு பிளாக்ல எந்த இனத்துக்கு எத்தன வீடுங்கற இன ஒதுக்கீட்டுக்கும் ரெண்டு பேர்ல ஒருத்தர் இனத்துல பதிஞ்சுக்கலாம், அதுலயெல்லாம் தடையில்ல. தடைன்னா இந்த 8,400தான், அத விடப் பெரிய தடை அவர் அத உங்க வாயால இல்லாம அங்க தெரிஞ்சுக்குறது. 3,000 கட்டுன பிறகு, 5,400ன்னு காட்டுற ஸ்டேட்மெண்ட்ட பிரிண்ட் எடுத்துகிட்டுப் போங்க, அஞ்சு மாசக் கணக்க அதுக்குப் பின்னாடியே பேனாவுல எழுதிக்கோங்க. அவர் கூப்பிட்ட அந்தக் கோப்பிக்கடையிலயே உக்காந்து சொல்லுங்க, அத்தை கேட்டதையும் சேத்துச் சொல்லுங்க, அது அவருக்கு இன்னும் தெரியாதுன்னுதான் உங்க லெட்டரப் படிச்சா எனக்குத் தோணுது. அன்னைக்கு கோப்பிக்கு அவர் காசு குடுக்கட்டும்.