மூன்றாவது ஹூக்கர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள தம்பிக்கு,

குருசுக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வயது 68. பதினைந்து வருஷம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா. துலூஸ் பக்கம் இருந்த காலத்தில் பிடித்துக்கொண்ட ரக்பிப் பைத்தியம் இன்னும் விடவில்லை.

நீங்கள் எழுதிய கட்டுரையை என் பேத்தி படித்துக் காட்டினாள். 2023 ரக்பி உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் மால்கம் மார்க்ஸ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அவர் இடத்துக்கு இன்னொரு ஹூக்கரைக் கூப்பிடாமல், பந்தை உதைக்கிற ஹாண்ட்ரே பொலார்டைக் கூப்பிட்டார்கள். கோப்பையை ஜெயித்ததே அது சரியான தேர்வு என்பதற்குச் சாட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை.

ஹூக்கரை நாங்கள் தலோனர் என்போம். மெலேயில், அதாவது இரண்டு அணியும் கோத்துக் குனிந்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மில், முன்வரிசைக்கு நடுவே தலையைக் கொடுக்கிறவன். கழுத்தும் தோளும் பல வருஷம் பழகினால்தான் அந்த இடத்தில் நிற்க முடியும். அதனால்தான் களத்துக்கு வரும் 23 பேரில் முன்வரிசைக்குப் பழகியவர்கள் ஆறு பேராவது இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட இடத்துக்கு மாற்று ஆளாக டியோன் ஃபூரி என்ற 37 வயது ஃப்ளாங்கரை, ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கிறவரை, நம்பினார்கள். இறுதிப் போட்டியில் ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, போங்கி ம்போனாம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். மிச்ச ஆட்டம் முழுவதும் ஃபூரிதான். கோட்டுக்கு வெளியே போன பந்தை ஹூக்கர் திரும்ப உள்ளே எறிகிற லைன் அவுட்டில் பந்து பந்தாகப் பறிகொடுத்தார்கள். ஒரு புள்ளியில் தப்பித்தார்கள். அது அதிர்ஷ்டம், தம்பி.

இன்னொன்று. ஊரில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது ஹூக்கரை நினைத்தீர்களா? அவன் இடத்தில் ஒருவன் விழுந்தான். கூப்பிட்டதோ வேறு வேலை செய்கிறவனை.

எங்கள் பிரான்ஸ் பயிற்சியாளர் கால்த்தியேவும் ஒரு தப்பு செய்தார். கன்ன எலும்பு முறிந்த கேப்டன் துய்ப்போனை, ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கிற ஸ்க்ரம் ஹாஃபை, 24 நாளில் தென்னாப்பிரிக்காவோடு ஆடிய காலிறுதிக்கு இறக்கினார். இத்தாலியை 60-7 என்று அடித்தபோது ஸ்க்ரம் ஹாஃப் லுய்க்குதான். அவரையே விட்டிருக்கலாம். காலிறுதி அன்று ராத்திரி 12.30-க்கு ஆட்டம். எங்கள் மாடியில் பதினான்கு பேர் இருந்தோம். 29-28 என்று நாங்கள் தோற்றதும் யாரும் எழுந்திருக்கவில்லை. 2027-க்காவது எப்படி ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

செ. அ., புதுச்சேரி

அன்புள்ள அண்ணா,

உங்கள் முதல் அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஜெயித்ததைச் சாட்சியாகச் சொன்னது என் பிழை. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்கா காலிறுதியில் பிரான்சை 29-28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15, இறுதியில் நியூசிலாந்தை 12-11 என்று வென்றது. மூன்றும் ஒற்றைப் புள்ளி. எதிராளி உதைத்த ஒரு பந்து ஒரு சாண் உள்ளே திரும்பியிருந்தால் நான் அந்தக் கட்டுரையையே வேறு மாதிரி எழுதியிருப்பேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் முடிவு சரி என்பதிலிருந்து நான் நகரவில்லை. ஓர் அணித் தேர்வை, அது செய்யப்பட்ட நாளில் நின்று பார்க்க வேண்டும். பொலார்டை அழைத்தது செப்டம்பர் 17. அன்று அணியை நடத்திய ராசி எராஸ்மஸ், ஜாக் நீனாபர் இருவர் கையில் என்ன இருந்தது? 33 பேர் பட்டியலில் ஸ்க்ரம் ஹாஃப் மட்டும் நாலு பேர். ஆட்டத்தை நடத்தி, பெரும்பாலும் பந்தை உதைக்கிற ஃப்ளை ஹாஃப் என்று முழுமையாகச் சொல்ல மானி லிபோக் ஒருவர்தான். நல்ல ஆட்டக்காரர், ஆனால் புள்ளிக்காகக் கம்பத்துக்கு உதைப்பதில் நிதானம் வரவில்லை. 2019 இறுதிப் போட்டியில் தனியாக 22 புள்ளி எடுத்த பொலார்ட், கெண்டைக்கால் காயத்தால் ஆகஸ்ட் பட்டியலில் விடுபட்டு, அப்போதுதான் தேறி வந்திருந்தார். மார்க்ஸ் போனதால் ஓர் இடம் காலி. மூன்றாவது ஹூக்கர் தேவைப்பட வேண்டுமானால் இருப்பவர்களில் ஒருவருக்கு அடிபட வேண்டும். உதைக்கிறவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தேவை. ஆறு நாள் கழித்து அயர்லாந்திடம் 13-8 என்று தோற்ற ஆட்டத்தைப் பாருங்கள். லிபோக்கும் ஸ்க்ரம் ஹாஃப் டி கிளெர்க்கும் சேர்ந்து நாலு உதையை விட்டார்கள். மொத்தம் 11 புள்ளி. தோற்றது ஐந்து புள்ளியில்.

நான் பட்டியலைப் பார்க்கிற முறை இதுதான். முப்பத்து மூன்று பேரும் நாட்டின் முதல் முப்பத்து மூன்று பேராக இருக்க வேண்டியதில்லை. எந்தக் குறை அணியை அடிக்கடி வந்து கடிக்குமோ, அதை முதலில் அடைக்க வேண்டும்.

ஃபூரியை வெறும் ஃப்ளாங்கர் என்று நீங்கள் எழுதியதில் பாதிதான் உண்மை, அண்ணா. அவர் ஆரம்ப காலத்தில் ஹூக்கராக ஆடியவர். பிறகுதான் ஃப்ளாங்கர். உங்கள் லியோனிலும் கிரனோபிளிலும் ஏழு வருஷம் ஆடியிருக்கிறார். 2022-இல் 35 வயதில்தான் நாட்டுக்காக முதல் ஆட்டம். பழைய தொழிலை மறந்துபோனவரை அழைத்து வந்தார்கள் என்பது வேறு, தொழிலே தெரியாதவரை அழைத்து வந்தார்கள் என்பது வேறு.

மறந்துபோனது தெரிந்தது, அதை மறைக்க மாட்டேன். அந்த இறுதிப் போட்டியை உங்கள் கடிதம் வந்த பிறகு மறுபடி போட்டு, ஃபூரியை மட்டும் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே நிற்கிறார். மழை ஈரத்தில் வழுக்குகிற பந்தைத் துண்டால் துடைத்துவிட்டுத் தலைக்கு மேலே தூக்குகிறார். எதிரே இரண்டு வரிசை. நடுவிலே ஒருவனை இரண்டு பேர் தொடையைப் பிடித்து மேலே ஏற்றுவார்கள். அவன் உச்சியில் நிற்பது ஒரு நொடி. பந்து அந்த நொடிக்கு அந்த உயரத்துக்கு, இரண்டு வரிசைக்கும் நடுவே கோணாமல் போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் முந்தினால் எதிராளி கைக்கு, கொஞ்சம் சாய்ந்தால் நடுவர் விசில். தினமும் நூறு முறை எறிந்து பழகியவர்களுக்கே தப்புகிற வேலை. ஃபூரி எறிவதற்கு முன் மூச்சை இழுத்துவிடுவது தெரிகிறது. எறிந்துவிட்டு, தப்பினாலும் சரி, உடனே ஓடிப்போய் அடுத்த ஆளைச் சாய்க்கிறார். 37 வயதில் எழுபது நிமிஷத்துக்கு மேல் அப்படி ஓடினார். அவருக்கும் அடிபட்டிருந்தால் நீங்கள் பயந்தது அப்படியே நடந்திருக்கும். வேறு ஹூக்கர் இல்லாததால் ஸ்க்ரம்மில் தள்ளுமுள்ளே இருக்காது, வெளியே போனவருக்குப் பதில் ஆளும் இறங்க முடியாது. அதை ஏற்கிறேன்.

ஆனால் அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. மாற்று ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரில் ஏழு பேர் ஸ்க்ரம்மில் தள்ளுகிற ஃபார்வர்டு கூட்டம், பின்னால் நின்று ஓடுகிற பின்வரிசைக்கு வில்லி லெ ரூ ஒருவர் மட்டும். மாற்று ஸ்க்ரம் ஹாஃப் கிடையாது. பட்டியலில் நாலு ஸ்க்ரம் ஹாஃப் வைத்திருந்தவர்கள் களத்துக்கு ஒருவரை மட்டுமே கொண்டுவந்தார்கள்! ஃபாஃப் டி கிளெர்க்குக்கு ஏதாவது ஆனால், ஓரத்தில் ஓடுகிற விங் ஆட்டக்காரர் செஸ்லின் கோல்பி அந்த இடத்துக்கு வருவார் என்பது கணக்கு. கடைசிப் பத்து நிமிஷத்துக்குள் அந்தக் கோல்பியே மஞ்சள் அட்டை வாங்கி, சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்வதை நான் அந்த நிமிஷங்களுக்குச் சொல்வேன். பொலார்டுக்குச் சொல்ல மாட்டேன். அன்றைய 12 புள்ளியும் அவர் காலிலிருந்து வந்தவை.

துய்ப்போன் விஷயத்தில் உங்களோடு முழுக்க மாறுபடுகிறேன். உங்கள் கட்சிக்கு வலுவான ஒரு வாதத்தை நீங்கள் எடுக்கவில்லை, நானே தருகிறேன். லுய்க்குவும் ஃப்ளை ஹாஃப் ஜாலிபேரும் ஒரே கிளப், போர்தோ. ஒருவர் கை அசைந்தால் மற்றவருக்குப் புரியும். துய்ப்போனின் ஜோடியான ந்தமாக், ஆகஸ்ட் 12 அன்று ஸ்காட்லாந்தோடு ஆடிய ஆயத்தப் போட்டியில் முழங்கால் தசைநார் அறுந்து போய்விட்டார். ஆகவே காலிறுதியில் பழகிய ஜோடியை வைப்பதா, பழகாத ஜோடியில் உலகின் சிறந்த ஆளை வைப்பதா என்பதுதான் கால்த்தியே முன் நின்ற கேள்வி. நானாக இருந்தாலும் துய்ப்போனைத்தான் இறக்கியிருப்பேன். மருத்துவர்கள் விட்டார்கள், அவரும் தயார் என்றார். அன்று அவர் ஆட்டத்தால் பிரான்ஸ் தோற்கவில்லை. தென்னாப்பிரிக்கா வானத்துக்கு அடித்த பந்துகளைப் பிரான்ஸ் பின்வரிசை பிடிக்கத் தடுமாறியது. பிரான்சின் ராமோஸ் கன்வர்ஷன், அதாவது ட்ரைக்குப் பிறகு இரண்டு புள்ளிக்கான உதை, உதைக்க அடியெடுத்து வைத்ததும் கோல்பி பாய்ந்து வந்து பந்தைத் தடுத்தார். அந்த இரண்டு புள்ளிதான் உங்கள் மாடியில் பதினான்கு பேரை உட்கார வைத்தது.

மூன்றாவது ஹூக்கரைப் பற்றிக் கேட்டீர்கள். அதைப் படித்த பிறகு இரண்டு நாள் இந்தப் பதிலை எழுத முடியவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கடலூர் முதுநகரைத் தாண்டி எங்கள் ஊர். காணும் பொங்கல் கபடிக்கு எங்கள் செட்டின் பன்னிரண்டு பேரை எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. பயிற்சியில் எங்கள் இடது கார்னருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அந்த இடத்துக்கு இன்னொரு பையன் இருந்தான். முந்திரித் தோப்பில் காவல் வேலை பார்க்கிறவன், பேச மாட்டான், காலைப் பிடித்தால் விட மாட்டான். அவன்தான் வருவான் என்று ஊரே நினைத்தது. நான் அவனை விட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு ரைடரை எழுதினேன். முந்தைய வருஷம் பாடிப் போய்ப் புள்ளி கொண்டுவர ஆளில்லாமல்தான் தோற்றிருந்தோம்.

பட்டியலை டீக்கடைத் தட்டியில் ஒட்டினேன். தோப்பிலிருந்த அவன் அதைப் பார்க்கவில்லை. மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு வேனில் எங்களோடு ஏறிவிட்டான். மைதானத்தில் பெயர்களைப் படித்து முடித்ததும் மடியிலிருந்த பையைப் பார்த்தான். உள்ளே புது முழங்கால் உறை இரண்டு, விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் போய் எங்கள் சட்டைகளுக்கும் செருப்புகளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாளும் காவல் இருந்தான். நான் எழுதிய ரைடரால் அரையிறுதியை ஜெயித்தோம். இறுதியில் இடது கார்னரில் நின்ற கவர் ஆட்டக்காரனைத் தாண்டித் தாண்டிப் புள்ளி எடுத்து எங்களைத் தோற்கடித்தார்கள். அவன் அதற்குப் பிறகு ஆட வரவில்லை.

ரைடரை எடுத்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவனை வேனில் ஏறவிட்டது, அதற்கு முந்தின ராத்திரி தோப்புக்கு சைக்கிளை மிதித்துப் போய் நேருக்கு நேர் சொல்லாதது, அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. என் கட்டுரையில் மார்க்ஸ் உண்டு, பொலார்ட் உண்டு, கூப்பிடப்படாத ஹூக்கருக்கு ஒரு வரிகூட இல்லை. நீங்கள் கேட்டது நியாயம்.

இனி 2027. ஆஸ்திரேலியாவில் அக்டோபர் 1 தொடக்கம். 20 அணி 24 ஆகிறது. பிரிவில் நாலு ஆட்டம் இருந்தது மூன்றாகக் குறைகிறது, காலிறுதிக்கு முன்னால் ஒரு நாக் அவுட் சுற்று சேர்கிறது. கோப்பைக்கு அதே ஏழு ஆட்டம்தான், ஆனால் தோற்றால் ஊருக்குப் போகிற ஆட்டம் மூன்றிலிருந்து நாலு. சின்ன அணியோடு ஆடும்போது பெரிய ஆட்டக்காரருக்கு ஓய்வு கொடுக்கிற வசதி குறையும். முன்வரிசைதான் முதலில் தேயும். ஆகவே இந்த முறை உங்கள் மூன்று தலோனர் கட்சிக்கு வந்துவிடுகிறேன். ஒரே நிபந்தனை, கம்பத்துக்கு நிதானமாக உதைக்கிற இருவர் முதல் நாளே பட்டியலில் இருக்க வேண்டும். 2023-இல் தென்னாப்பிரிக்கா செப்டம்பரில் செய்ததை ஆகஸ்டிலேயே செய்ய வழியிருந்தால் இந்தச் சண்டையே நமக்குள் வந்திருக்காது.

பிரான்சுக்கு என் கவலை துய்ப்போன்தான். 2025 மார்ச்சில் டப்ளினில் முழங்கால் தசைநார் அறுந்து மாதக்கணக்கில் வெளியே இருந்தார். அவரோடு, முழு ஆட்டமும் தாங்குகிற ஸ்க்ரம் ஹாஃப் இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

பேத்தியிடம் சொல்லி உங்கள் பட்டியலை எழுதி அனுப்புங்கள். தலோனர் மூன்று பேரையும் பெயரோடு எழுதுங்கள். மூன்றாமவரை ஏன் எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து.