படைக்குப் போட்ட மாத்திரையும் மார்பு வீக்கமும்

கேள்வி: எனக்கு வயது 29. தொடை இடுக்கில் படர்தாமரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, கீட்டோகோனசோல் 200 மி.கி. மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என மூன்று மாதமாகப் போடுகிறேன். அரிப்பு குறைந்துவிட்டது. ஆனால் இரண்டு மார்புக் காம்புக்கு அடியிலும் கட்டிபோல இருக்கிறது. சட்டை உரசினாலே வலி. தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. படை விதைக்குள் இறங்கிவிட்டதா டாக்டர்?

பதில்: படை தோலோடு நின்றுவிடும், விதைக்குள் இறங்காது. அங்கே போய் வேலையைக் காட்டியது பெரும்பாலும் மாத்திரைதான்.

படைக்குக் காரணமான பூஞ்சை உயிர் வாழ எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வேண்டும். அதைத் தயாரிக்கும் என்சைமை முடக்கித்தான் கீட்டோகோனசோல் பூஞ்சையை ஒடுக்குகிறது. அந்த என்சைமுக்கு நம் உடம்பிலும் பங்காளிகள் உண்டு. விதையில் உள்ள லேடிக் செல்கள் கொலஸ்ட்ராலைப் படிப்படியாக மாற்றி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆக்குகின்றன. அதில் முக்கியமான படியைக் கவனிப்பது சிஒய்பி17 என்ற என்சைம். மாத்திரை அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் டெஸ்டோஸ்டிரோன் சரியும், மறுநாளுக்குள் மீளும். நீங்களோ அது மீள்வதற்குள் அடுத்ததைப் போட்டுவிடுகிறீர்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் (ஆண்களுக்கும் கொஞ்சம் உண்டு) அதே அளவுக்குக் குறைவதில்லை. அதன் கை ஓங்கியதால்தான் மார்புச் சுரப்பி வீங்குகிறது.

இந்தக் குணத்துக்காகவே ஒரு காலத்தில் ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு இதே மருந்தை 400 மி.கி. வீதம் எட்டு மணிக்கொரு தரம் கொடுத்தார்கள். பிறகு அந்த சிஒய்பி17 என்சைமையே குறிவைத்து அபிராடிரோன் என்ற மருந்து வந்தது. படைக்கு இவ்வளவு பெரிய ஆயுதம் தேவையா, சொல்லுங்கள்!

மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். நாட்டம் திரும்பிவிடும். மார்புக் காம்பு வலி சில வாரங்களில் தணியும். வீக்கம் வடிய மாதங்கள் ஆகலாம். ஒரு பக்கம் மட்டும் கல்போல இறுகினாலோ காம்பில் கசிவு வந்தாலோ அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைக்குத் திட்டமிருந்தால் விந்துப் பரிசோதனைக்கு அவசரப்படாதீர்கள். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் பிடிக்கும், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும்.

எனக்கு அதைவிடக் கவலை உங்கள் கல்லீரல். இந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கிறது என்பதால் 2013இல் அமெரிக்கா இதன் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு ஐரோப்பிய மருந்து முகமை, பூஞ்சைத் தொற்றுக்கு இதைத் தரவே வேண்டாம் என்றது. இந்த வாரமே கல்லீரல் ரத்தப் பரிசோதனையும், காலை எட்டு மணி வாக்கில் வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோனும் பாருங்கள். சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பியிலும் இந்த மருந்து கை வைக்கும். ஆகவே மயக்கம், வாந்தி, சிறுநீர் அடர்மஞ்சள், இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கீட்டோகோனசோல் க்ரீம், ஷாம்புவுக்கு இந்தப் பயம் வேண்டாம். ரத்தத்தில் சேரும் அளவு மிகமிகக் குறைவு. மிச்சமுள்ள படைக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள், மனைவிக்கும் அரிப்பு இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். டெர்பினாஃபின் போன்ற மருந்துகள் வேறு என்சைமில் வேலை செய்பவை, விதையின் வழிக்கு வருவதில்லை. இதுவரை க்ரீம் ஏதாவது பூசியிருந்தால் அந்த ட்யூபையும் மறக்காமல் கையோடு கொண்டு போங்கள். அதில் க்ளோபெட்டாசால் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால், அரிப்பு அடங்கியதுபோல் காட்டிவிட்டுப் படையை வளர்த்தது அதுவாகவும் இருக்கலாம்.