அத்தையின் ஆயுசு (கடிதம்)

வணக்கம் ஐயா,

நியூஜெர்சியில் ஆக்சுவரியாக, அதாவது ஆயுளையும் இடரையும் கணக்குப் போடுகிறவனாக, வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் இங்குள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்கு கிஃப்ட் ஆன்யுட்டி கணக்குகளைச் சம்பளம் வாங்காமல் பார்த்துத் தருகிறேன். முதியவர்கள் ஒரு தொகையைக் கொடுத்துவிடுவார்கள். ஆயுள் முழுக்க வருஷா வருஷம் அவர்களுக்குப் பணம் போகும், மிஞ்சுவது நிறுவனத்துக்கு. என் மனைவி கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிறாள். “கிழவர்கள் எப்போது சாவார்கள் என்று எண்ணுவது தொண்டா?” என்று கேட்கிறாள். வெறும் கணக்குதானே, இதைத் தொண்டு என்று சொல்லிக்கொள்ளலாமா? இதற்கிடையே, வருஷா வருஷம் கொடுக்கும் பணத்தின் விகிதத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் ஆள் வருவார்கள் என்று நிர்வாகக் குழு நெருக்குகிறது. பேசாமல் ஊருக்கே வந்துவிடலாமா என்றும் இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஊருக்கு வருவதை உங்கள் முழங்காலும் பிள்ளைகளும் முடிவு செய்யட்டும். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் டிரங்குப் பெட்டியைக் குடைந்து அத்தையின் பத்திரத்தை எடுத்து வைத்திருந்தேன். அத்தை சின்ன வயதில் தாலி அறுத்தவர். 58 வயதில் தன் முக்கால் ஏக்கர் வயலை ஒரு மடத்துக்கு எழுதிக் கொடுத்தார். ‘என் ஆயுள் பரியந்தம் இரண்டு வேளை சாப்பாடும் வருஷத்துக்கு இரண்டு புடவையும்’ என்பது நிபந்தனை. மடத்துக் கணக்குப்பிள்ளை பத்து வருஷம் என்று மனசுக்குள் போட்டிருப்பார். அத்தை 93 வரை இருந்தார்.

முதலில் தூக்குவாளியில் ரசம் நீர்த்தது. அப்புறம் தீபாவளிப் புடவை பொங்கலுக்குத் தள்ளிப்போனது. “ஆச்சி சௌக்கியமா?” என்று மடத்தில் கேட்பார்கள். “சௌக்கியமாவா கேக்கான்? இன்னும் இருக்கியான்னுல்லா கேக்கான்” என்பார் அத்தை. ஒருமுறை விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்து, மறுவாரம் வாளியோடு போனவர், “இந்தத் தடவையும் போகல தம்பி” என்றாராம். கூடப்போன என் அம்மா, அது மன்னிப்புக் கேட்கிற குரலாக இருந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

58 வயதுப் பெண்கள் நூறு பேரில் சிலராவது 90 தாண்டுவார்கள், அதற்கும் நெல் ஒதுக்கி வை என்று சொல்ல அந்த மடத்தில் ஒருவர் இல்லை. அந்த ஒருவர் நீங்கள். ‘வெறும் கணக்கு’ என்று இன்னொரு தரம் எழுதினால் பதில் போட மாட்டேன். உங்கள் கணக்கு சரியாக இருந்தால் எந்தக் கிழவியின் வாளியையும் யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை.

அமெரிக்காவிலும் இது ஒற்றை ஆளின் ஆயுளை வைத்து ஆடிய ஆட்டமாகத்தான் இருந்தது. ஓவியர் ஜான் டிரம்புல் 1831-ல் தன் ஓவியங்களை யேல் கல்லூரிக்குக் கொடுத்து, வருஷம் 1,000 டாலர் கேட்டார். 1843-ல் 87 வயதில் காலமாகி, தன் படங்களுக்குக் கீழேயே புதைக்கப்பட்டார். அவர் நூறு வயது இருந்திருந்தால் கல்லூரியில் என்ன பேசியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு குறும்பான ஆசை.

நிர்வாகக் குழுவின் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டாதீர்கள். அந்த நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் 1927-ல் கூடிக் குழு அமைத்ததே, நான் முந்தி நீ முந்தி என்று விகிதத்தை ஏற்றிக்கொண்டிருந்ததால்தான். கொடுத்த தொகையில் ஏறக்குறைய பாதி கடைசியில் நிறுவனத்துக்கு மிஞ்ச வேண்டும் என்று பார்த்துத்தான் அந்தக் குழு விகிதம் பரிந்துரைக்கிறது. 2024-ல் வந்த பட்டியலில் 75 வயதுக்காரருக்கு 7 சதவீதம். 10,000 டாலர் கொடுத்தால் வருஷம் 700. எல்லோரும் ஒரே விகிதம் வைப்பது விலைக் கூட்டணி என்று டெக்ஸாஸில் ஒரு மூதாட்டியின் உறவினர் வழக்குப் போட, அது தவறில்லை என்று 1995-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? ஆன்யுட்டி வாங்குகிறவர்கள் மற்றவர்களைவிட நீண்டநாள் இருப்பார்கள் என்று உங்கள் தொழிலில் பால்பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். தெரிந்தும் குழுவிடம் ‘முடியாது’ என்று சொல்லக் கூச்சப்படுகிறீர்கள். சம்பளம் வாங்காதவருக்கு என்ன பயம்? வேலையை விட்டா எடுத்துவிடுவார்கள்? நிறுவனம் நொடித்தால் அந்த முதியவருக்குப் பணம் தர வேறு யாரும் வரமாட்டார்கள்.

உங்கள் மனைவியோடு சண்டை போடாதீர்கள். அந்தச் சோறும் வேண்டும். முடிந்தால் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள்.

பத்திரத்தின் பின்பக்கம் அத்தை பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார், புடவைக்கு ஒரு கோடு. முதல் பத்து வருஷத்துக்கு இருபது, குறையாமல் இருக்கிறது. கடைசிப் பத்து வருஷத்துக்கு நான்குதான்.