ஒரு ராத்திரியாவது தங்குங்கள்: தொலேதோ பற்றிக் கேட்டதும் சொன்னதும்

ஸ்பெயினின் பழைய ஊர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் கட்டடக்கலை படித்தவன், தொலேதோவில் மூன்று வருடம் வாடகை வீட்டில் இருந்தவன். அதனால் பதில்கள் அந்த ஊர்ப் பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்ரிடில் நாலு நாள் இருக்கிறோம். தொலேதோவுக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினால் போதாதா?

போகலாம். அதிவேக ரயிலில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் பதினொன்று முதல் ஐந்து வரை நீங்கள் பார்க்கப்போவது ஊரை இல்லை, கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் நடக்கும் கூட்டத்தை. கடைசிச் சுற்றுலாப் பேருந்து இறங்கிப் போனபிறகுதான் ஊர் மூச்சு விடும். இரவு பத்து மணிக்கு சாந்தோ தொமிங்கோ எல் ரெயால் மடத்துப் பக்கம் நடந்து பாருங்கள். தலைக்கு மேல் வீட்டின் ஓர் அறையே தெருவைக் கடந்து நிற்கும், அடியில் சுரங்கம் போல இருட்டு. உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே திரும்பி வரும்.

ஊர் இப்படி உறைந்து நிற்க ஒரு காரணம் உண்டு. 1561இல் இரண்டாம் பிலிப் மன்னர் அரசவையை மாட்ரிடுக்குக் கொண்டுபோய்விட்டார். காசும் கூட்டமும் பின்னாலேயே போயின. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாத ஊரில் பழசு தப்பிக்கும்.

அண்ணா, தெருவெல்லாம் ஏன் இவ்வளவு சந்து சந்தா இருக்கு? எதிரிக்குப் பயந்தா?

அதைவிட வெயிலுக்குப் பயந்து என்று சொல்லுங்கள். கோடையில் அங்கே நாற்பது டிகிரியைத் தொடும். சுவரோடு சுவர் நெருங்கினால் தரைக்கு வெயில் எட்டாது. இன்னொன்று, 1085இல் ஆறாம் அல்போன்சோ பிடிக்கும்வரை முந்நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் அது முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஊர். எதிரெதிர் வாசல் வைக்க மாட்டார்கள். வாசலில் நுழைந்தால் நடை நேராகப் போகாது, ஒரு திருப்பம் இருக்கும். கதவு திறந்திருந்தாலும் முற்றம் கண்ணில் படாது. பின்னால் வந்த கிறிஸ்தவக் குடும்பங்களும் அதே வீடுகளில் அதே வழக்கத்தோடுதான் இருந்தன.

தெருவுக்கு மேல் தொங்கும் அந்த அறைக்குக் கொபெர்த்தீசோ என்று பெயர். நிலம் போதாதவன் எதிர்ச்சுவர்வரை வீட்டை நீட்டிக்கொண்டான். குதிரைவீரன் ஈட்டியோடு போகும் உயரமாவது விட வேண்டும் என்று விதி இருந்ததாகச் சொல்வார்கள்.

ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. கதீட்ரலா, அல்காசர் கோட்டையா?

இரண்டும் இல்லை. கிறிஸ்தோ தே லா லூஸ். எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் அளவில் ஒரு பழைய மசூதி, ஒரு பெரிய வரவேற்பறைதான். உள்ளே நாலே தூண்கள், அவை கூரையை ஒன்பது கட்டமாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிறு கும்மட்டம், ஒன்பதிலும் விலாவளைவுகள் ஒன்பது விதமாகப் பின்னியிருக்கும். கழுத்து வலிக்கும்வரை பாருங்கள். பிறகு கண்ணைக் கொஞ்சம் இறக்கித் தூண்களின் தலைப்பகுதியான போதிகைகளைக் கவனியுங்கள். ஒன்று போல் இன்னொன்று இராது. அவை அரபியர் வருமுன் ஆண்ட விசிகோத்தியர் காலக் கற்கள், பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்து வைத்தவை.

வெளிச்சுவரில் செங்கல்லையே எழுத்தாக அடுக்கி, கட்டிய மூசா இப்ன் அலியின் பெயரையும் ஹிஜ்ரி 390 என்ற ஆண்டையும் பொறித்திருக்கிறார்கள். நம் கணக்கில் 999-1000. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் அதைத் தேவாலயமாக்கி, பின்னால் அரைவட்டப் பீடப்பகுதியை ஒட்டினார்கள். அதிலும் அதே செங்கல், அதே வளைவு. சாமி மாறிற்று, கொத்தனார் கை மாறவில்லை. முதேஹார் பாணி என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

மூன்று மதத்தாரும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர் என்று படித்தேன். நிஜமா?

சுற்றுலாத் துண்டறிக்கையில் நிஜம். சேர்ந்து வேலை செய்தார்கள், மொழிபெயர்த்தார்கள், ஒருவர் பாணியில் இன்னொருவர் கட்டினார்கள். எல் திரான்சிதோ யூத ஆலயத்தைக் கட்டியவர் காஸ்தில் அரசை ஆண்ட பெத்ரோ மன்னரின் பொக்கிஷதாரர் சாமுவேல் ஹலேவி. சுதைச்சுவரில் எபிரேய எழுத்தோடு அரபு எழுத்தும் காஸ்தில் அரச முத்திரையும் இருக்கும். அதே சாமுவேலை அதே மன்னர் பின்னால் சிறையில் போட்டார், அங்கேயே இறந்தார். 1391இல் யூதக் குடியிருப்பு தாக்கப்பட்டது. 1492இல் மதம் மாறாத யூதர்களை நாட்டை விட்டே துரத்தினார்கள். அருகிலுள்ள இன்னொரு யூத ஆலயத்துக்கு இன்றைய பெயர் சாந்தா மரியா லா பிளாங்கா, அதாவது வெள்ளை மரியன்னை. அந்தப் பெயரே கதையைச் சொல்லிவிடும்.

எந்தத் திருவிழாவுக்கு வரலாம்?

கோர்ப்புஸ் கிறிஸ்தி, அதாவது கிறிஸ்துவின் திருவுடல் திருநாள். ஈஸ்டர் கழிந்து அறுபதாம் நாள், வியாழக்கிழமை. பல வாரம் முன்பே தெருவுக்கு மேல் வெள்ளைத்துணிப் பந்தல் கட்டிவிடுவார்கள். அன்று காலை தரையில் தைம், ரோஸ்மேரி எல்லாம் பரப்பியிருக்கும். மிதிக்க மிதிக்க வாசனை கிளம்பும். நடுவில் என்ரிக்கே தே அர்பே 1515 முதல் 1523 வரை செய்த, நற்கருணை அப்பத்தை வைத்துக் கொண்டுவரும் நற்கருணைக் கோபுரம் வரும். வெள்ளியும் தங்கமும், இரண்டரை மீட்டருக்கு மேல் உயரம். ஏற்ற இறக்கத் தெருவிலும் சாயாமல் நிற்க, வண்டியிலேயே சமநிலைப் பொறி உண்டு. நிழலான இடம் வேண்டுமென்றால் விடிகாலையிலேயே போய் நின்றுவிடுங்கள்.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

ஜாக்கிரதை. "கறி வேண்டாம்" என்றால் ஹாம் (பன்றித்தொடை இறைச்சி) போட்டுக் கொண்டுவருவார்கள். பலருக்கு அது கறிக் கணக்கிலேயே வராது. பருப்பு சூப்பிலும் சோரிசோ என்ற பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். பிஸ்தோ கேளுங்கள், தக்காளியும் குடைமிளகாயும் வதக்கியது, முட்டை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இனிப்புக்குக் கவலையில்லை. மசப்பான் என்பது பாதாமும் சர்க்கரையும்தான் (சிலவற்றில் முட்டைக்கரு பூச்சு இருக்கும், கேட்டு வாங்குங்கள்). கடையில் வாங்காமல் மடத்தில் வாங்குங்கள். துறவியர் முகம் காட்ட மாட்டார்கள். சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருக்கும். மணியடித்தால் உள்ளிருந்து "ஆவே மரியா பூரீஸிமா" என்று குரல் வரும். காசை வைத்தால் பெட்டி சுழலும், இனிப்பு வந்து நிற்கும். முதல் தடவை மீதிச் சில்லறை வந்ததைக் கவனிக்காமல் திரும்பிவிட்டேன், உள்ளிருந்து மறுபடி மணி அடித்தார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற முடியுமா?

வடக்கு மதிலடியில் நகரும் படிக்கட்டு உண்டு, 2000 முதல். மேலே போனபிறகு கூழாங்கல் தெரு. நல்ல பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அல்காந்தரா பாலத்துக்கு ஏன் அந்தப் பெயர்?

அல்காந்தரா என்றாலே அரபியில் பாலம். ஆகப் பாலப் பாலம். "நடு சென்டர்" என்று சொல்லிச் சிரிப்போமே, அதே சங்கதி.

தொலேதோ தவிர இன்னும் ஓர் ஊர் சொல்லுங்கள்.

எல்லாரும் செகோவியா போவார்கள், போகட்டும். அங்கே பார்க்க வேண்டியது, சாந்து இல்லாமல் அடுக்கிய ரோமானியக் கால்வாய்ப் பாலம். கற்களில் தெரியும் சிறு குழிகள் தூக்கும்போது இடுக்கி பிடித்த இடங்கள். நான் சொல்வது காசெரெஸ். பிரபுக்கள் ஒருவரையொருவர் மிஞ்சக் கோபுரம் கட்டிக்கொண்ட ஊர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ராணி இசபெல்லா அவற்றின் தலைகளைக் கொய்யச் சொன்னார். தன் பக்கம் நின்ற ஒருவருடைய கோபுரத்தை மட்டும் விட்டார். அதற்கு இப்போது நாரைக் கோபுரம் என்று பெயர். வசந்தத்தில் போனால் ஊர் முழுக்கச் செங்கால் நாரைகள், தலை வெட்டுப்பட்ட கோபுரங்களின் மேலும் கூடு கட்டி அலகைத் தட்டிக்கொண்டிருக்கும்.