பேரன் எடை குறைந்தது பிரஷர் மாத்திரையாலா?

கேள்வி: என் மகளுக்கு ஏழாம் மாதம் முடிந்ததும் பிரஷர் 160/110-க்கு ஏறி, 32-ஆவது வாரத்தில் தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து பேரனை எடுத்தார்கள். எடை 1,150 கிராம். ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான். பிரஷர் மாத்திரை போட்டதால்தான் பிள்ளை இப்படி என்கிறார்கள் சம்பந்தி வீட்டில். பால் கொடுப்பதால் மாத்திரையை நிறுத்திவிடவா என்கிறாள் மகள். பேரனுக்கும் பிரஷர் வருமா?
– வாசகி, நீடாமங்கலம்

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

கர்ப்பத்தில் வரும் இந்த பிரஷருக்குப் பெரும்பாலும் நஞ்சுக்கொடிதான் காரணம். கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்கள் ஆரம்ப மாதங்களில் நன்றாக அகன்று கொடுக்க வேண்டும். சிலருக்கு அவை குறுகலாகவே நின்றுவிடும். ஆற்றில் வரத்து குறைந்தால் கடைமடை வயல் என்ன ஆகுமோ, அதுதான் பிள்ளைக்கும் ஆகிறது. நஞ்சுக்கொடி திணறும்போது தாயின் ரத்தக்குழாய்களும் கெட்டு பிரஷர் ஏறுகிறது. மாத்திரை போட்டது மகளுக்கு வலிப்போ மூளையில் ரத்தக்கசிவோ வராமல் இருக்க. ஏற்கெனவே பிரஷர் உள்ள 2,400 கர்ப்பிணிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. அதில் மாத்திரை எடுத்தவர்களின் பிள்ளைகள் அதிகமாக எடை குறைந்து பிறக்கவில்லை. சம்பந்தியிடம் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

லாபெட்டலால், நிபெடிபைன் இரண்டுமே பால் கொடுக்கும்போது போடக்கூடியவைதான். சீட்டில் வேறு பெயர் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்து, அளவைக் குறைப்பதையும் நிறுத்துவதையும் அவர்கள் சொல்லட்டும். கடும் தலைவலி, கண் மங்கல் என்றால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி பேரன். அவன் நாள் முந்திப் பிறந்தது ஒன்று, அந்த வாரத்துக்கு இருக்க வேண்டிய எடையும் இல்லாதது இன்னொன்று. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முதல் நாட்களில் சர்க்கரை இறங்கும், ரத்தத் தட்டணுக்கள் குறையும், குடல் சீக்கிரம் புண்ணாகும். அந்தக் கட்டத்தை ஆஸ்பத்திரியிலேயே தாண்டிவிட்டான்.

வீட்டில் நான் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று, உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர். அந்தக் குடலுக்குத் தாய்ப்பாலும் டாக்டர் எழுதிய இரும்பு, வைட்டமின் சொட்டு மருந்தும் போதும். குளிப்பாட்டிவிட்டு சாம்பிராணிப் புகை காட்டுவதும் வேண்டாம். அவன் நுரையீரல் தாங்காது. அதற்குப் பதிலாக மகள் அவனை வெறும் மார்போடு அணைத்து வைத்திருக்கட்டும். பாட்டி நீங்களும் செய்யலாம்.

இன்னொன்று கண். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, பிறந்து ஒரு மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் இந்த வாரமே தஞ்சாவூர் போங்கள். நடந்திருந்தால் அடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள். ஒரு தடவை பார்த்ததோடு முடிகிற விஷயமில்லை. நடவு முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, பார்வை போன பிறகு தூக்கிவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும்.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. குப்புற விழுவது, உட்காருவதற்கெல்லாம் இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

பேரனுக்கு பிரஷர் வருமா? பிறப்போடு வராது. ஆனால் பெரியவனாகும்போது மற்றவர்களைவிடச் சற்று வாய்ப்பு அதிகம். அதனால் குழந்தை டாக்டரிடம் போகும்போதெல்லாம் பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். இளைத்துப் பிறந்தான் என்பதற்காக அவனைக் குண்டாக்கவும் பார்க்காதீர்கள்.

மகளுக்கு அடுத்து நாள் தள்ளினால், கிராம சுகாதார செவிலியரிடம் பதியும்போதே இந்தப் பிரசவத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 12-ஆவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.