பனியனுக்கு அடக்கவிலை போடத் தெரிந்த பெண்ணுக்கு எதற்கு 12 லட்சம் கடன்?

திருப்பூரிலிருந்து அப்பா, அம்மா, மகள் மூவரும் என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார்கள். மகள் இப்போதுதான் பி.காம். முடித்திருக்கிறாள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. இடம் தயார், விடுதியோடு சேர்த்து 12 லட்சம். "எங்க அண்ணன் பையனும் அங்கதானுங்க படிச்சான். பாப்பாவைச் சேர்க்கலைன்னா சொந்தத்துல தலைகாட்ட முடியாதுங்க" என்றார் அப்பா. நானும் முதலில் தன்மையாகத்தான் பேசினேன். வீட்டுப் பத்திரத்தைப் பேங்கில் கேட்கிறார்கள் என்று அம்மா மெல்லச் சொன்னதும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அண்ணா, கணக்கைப் பாருங்கள். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். 12 லட்சம், 11 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 20,500 ரூபாய். படிக்கிற இரண்டு வருட வட்டி தனி. கல்லூரிக்காரர்கள் காட்டுவது சராசரிச் சம்பளம். நாலு பேர் பெரிதாக வாங்கினாலே அது ஏறிவிடும். முப்பது வயது வரை தவணை கட்டுகிற பெண் எப்போது காசு சேர்ப்பாள்?

அதுவரை மகள் வாயே திறக்கவில்லை. மூன்று வருடமாகச் சித்தப்பாவின் பனியன் யூனிட்டில் லீவு நாளில் கணக்கு எழுதுகிறாளாம். ஒரு டி-ஷர்ட்டுக்கு அடக்கவிலை எப்படிப் போடுவாய் என்று கேட்டேன். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள் கூலி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று விரல் விட்டு எண்ணினாள். "கட்டிங் வேஸ்டைச் சரியாப் போடாம ரேட் கொடுத்துடறாங்க சார், அங்கதான் கையைக் கடிக்குது" என்றாள். அப்பா முதல்முறையாக மகளைத் திரும்பிப் பார்த்தார்.

இந்த வேலைக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: சி.எம்.ஏ. அதாவது அடக்கவிலைக் கணக்காளர். 1959-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிறுவனம் நடத்துவது. சி.ஏ. தெரிந்த அளவுக்கு நம் ஊரில் இது தெரியாது. பட்டதாரிகள் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். அதில் 8 தாள், ஃபைனலில் 8 தாள். ஒவ்வொரு தாளிலும் 40, நான்கு தாள் சேர்ந்த குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். 15 மாதப் பயிற்சி உண்டு. ஜூன், டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு தேர்வு. நிறுவனத்துக்குக் கட்டும் பணம் எம்.பி.ஏ. கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது. கோயம்புத்தூரிலேயே கிளை இருக்கிறது. சுலபம் என்று சொல்ல மாட்டேன், இரண்டு மூன்று தடவை எழுதுகிறவர்கள் நிறைய.

வேலை எங்கே என்கிறீர்களா? ஜவுளி உட்படக் குறிப்பிட்ட தொழில்களில் விற்றுவரவு 35 கோடியைத் தொடும் கம்பெனிகள் அடக்கவிலைப் பதிவேடு வைத்தாக வேண்டும். மொத்த விற்றுவரவு 100 கோடியைத் தாண்டினால் பெரும்பாலும் சி.எம்.ஏ. செய்யும் தணிக்கையும் வரும். பொதுத்துறை நிறுவனங்களும் நிதிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது சி.ஏ.வோடு சி.எம்.ஏ.வையும் கேட்கின்றன.

படித்துக்கொண்டே ஏதாவது ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் கணக்குப் பிரிவில் சேரட்டும். சம்பளம் சின்னதாக இருக்கும், இருக்கட்டும். மாதம் 5,000 தபால் நிலைய ஆர்.டி.யில் போட்டால் 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். அப்புறம், வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். சொந்தக்காரர் கொண்டுவரும் பாலிசிப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம்.

"அண்ணன்கிட்ட என்னங்க சொல்றது?" என்று கேட்டார் அப்பா. வீட்டை அடகு வைக்க எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லுங்கள், அது போதும். டிசம்பர் தேர்வுக்கு ஜூலை 31-க்குள் பதிய வேண்டும். அந்தக் கல்லூரிக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றீர்களே, கட்டாதீர்கள்.