ஆறு மணி ஸ்லாட் யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

பதினெட்டு வருடம் ஒரு பொது மைதானத்தின் முன்பதிவுப் பதிவேடு என் மேசையில்தான் கிடந்தது. நான் ஒரு நாளும் பந்தை உதைத்தவள் இல்லை. ஆனால் உதைக்க வந்தவர்கள் போட்ட சண்டைகள் அத்தனைக்கும் பஞ்சாயத்து பண்ணியிருக்கிறேன். சென்ற இதழில் அதைப் போகிறபோக்கில் எழுதியது வம்பாகிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி மைதானக் கடிதங்கள்.

கே: எங்கள் பொது மைதானத்தில் மாலை 6 மணியிலிருந்து 8 மணிவரை ஏழு அணிகள் பயிற்சிக்கு இடம் கேட்கின்றன. பகல் முழுக்க ஈ ஓட்டுகிறோம். மாலைக் கட்டணத்தை இரண்டு மடங்காக்கினால் கூட்டம் தானாகக் குறையும் என்கிறார் செயலாளர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அம்மா?

ப: குறையும். எந்த அணி முதலில் குறையும் என்று அவரிடம் கேட்டீர்களா? பெரியவர்களின் அணி ஆளுக்குக் கொஞ்சம் கூடப் போட்டுச் சமாளித்துவிடும். பத்து வயதுப் பிள்ளைகளின் அணிதான் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

விலையில் கை வைக்கும் முன் நான்கு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த மணிக்கு யார் பெயர், நிஜமாக வந்தது யார், எத்தனை பேர், களத்தில் எந்தப் பக்கம் ஆடினார்கள். இவ்வளவுதான். முதன்முதலாக அப்படி எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. ஆனால் மூன்று வாரத்தில் ஐந்து மாலைகள் விளக்குகள் ஆளில்லாமல் எரிந்திருக்கின்றன. இன்னும் நான்கு மாலைகள், பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு கோல் கம்பத்தைச் சுற்றி ஆட, மீதி முக்கால் களம் சும்மா கிடந்திருக்கிறது.

உங்களுக்குக் கிடைக்கப்போகும் புது இடம் அந்த முக்கால் களம்தான். முழு அளவுக் கால்பந்துக் களம் 105-க்கு 68 மீட்டர். அதாவது 7,140 சதுர மீட்டர். அணிக்கு ஐந்து பேர் ஆடும் சின்னக் கால்பந்தான ஃபுட்சாலுக்குக் களம் 40-க்கு 20. வெறும் 800 சதுர மீட்டர். பெரிய களத்தை நான்காகப் பிரித்தாலே ஒவ்வொரு துண்டும் 1,785 சதுர மீட்டர் வருகிறது. பயிற்சிக்கு அது தாராளம். முழுக்களம் போட்டிக்கு மட்டும், பயிற்சிக்கு அணிக்கு ஒரு மணி நேரம் கால் களம் என்று வைத்தால் இரண்டு மணி நேரத்தில் எட்டு இடங்கள். உங்கள் ஏழு அணிகளும் அடங்கி, ஒன்று மிச்சம். இதற்கு நகர்த்தக்கூடிய சின்ன கோல் கம்பங்கள் வேண்டும். அவற்றைத் தரையோடு பிணைக்காமலோ, பின்சட்டத்தில் எடை வைக்காமலோ ஒரு நிமிடம்கூட விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் தொங்கி, கம்பம் கவிழ்ந்து உயிரே போயிருக்கிறது, ஒரு நாட்டில் மட்டுமல்ல.

அதற்குப் பிறகும் நெரிசல் இருந்தால் விலைக்கு வாருங்கள். கூட்ட நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் என்பது புது யோசனை இல்லை. நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அப்படி வைக்கலாம் என்று 1952-லேயே சொன்னவர் வில்லியம் விக்ரி. 1996-இல் பொருளியல் நோபல் பெற்றவர். ஆனால் விலை ஏறினால் நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவர்தான் நகர்வார். மாலை ஐந்தரைக்கு வேலை முடிகிறவரை எவ்வளவு ஏற்றினாலும் மதியம் மூன்று மணிக்கு வரவழைக்க முடியாது. ஷிஃப்ட் வேலைக்காரர், ஓய்வு பெற்றவர், இரவில் ஆடத் தயங்காத பெரியவர் அணி, இவர்கள்தான் நகரக்கூடியவர்கள். அவர்களுக்கு ஆசை காட்டுங்கள். நான் வைத்திருந்த கணக்கு: பகலுக்கு ஒரு பங்கு, மாலைக்கு இரண்டு பங்கு, 8 மணிக்குப் பிறகு ஒன்றேகால். பிள்ளைகள் அணிக்கு எந்த நேரமானாலும் அதில் பாதி. இரவுக்கு மாறிய அணிகள் ஒரு மாதம் முணுமுணுத்தன. அப்புறம் ‘யாரும் வந்து விரட்டுவதில்லை’ என்று அங்கேயே நிலைத்துவிட்டன.

கே: பக்கத்துப் பகுதி அணிகளிடம் அதிகக் கட்டணம் வாங்குவது நியாயமா?

ப: உங்கள் பகுதிக்காரர்களின் வரியில் மைதானம் பராமரிக்கப்படுகிறது என்றால் நியாயம்தான், அதுவும் நெரிசல் நேரத்துக்கு மட்டும். காலியாகக் கிடக்கும் பகல் நேரத்துக்கு ஒருவர் தேடி வந்தால், எந்தப் பகுதி என்று விசாரிக்காமல் ரசீதைக் கிழித்துக் கொடுங்கள்.

கே: புல் பச்சைப்பசேலென்று இருக்கிறது, மைதானமும் காலி. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் ‘களத்துக்கு ஓய்வு’ என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். பணம் கட்டத் தயாராக இருந்தும் பூட்டு. புல்லுக்கு எதற்கு ஓய்வு?

ப: அந்தப் பலகை இருப்பதால்தான் பச்சைப்பசேல்.

வெப்பமான நாடுகளில் விளையாட்டுக் களத்துக்குப் பெரும்பாலும் போடுவது நம் அருகம்புல் இனமும் அதிலிருந்து உருவாக்கிய கலப்பினங்களும்தான். ‘அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துகிறோமே, அது சும்மா சொன்னதில்லை. அந்தக் கொடி தரைக்கு மேலேயும் ஓடும், தரைக்கு அடியிலும் ஓடும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். மிதித்துக் கிழித்தாலும் பக்கத்துக் கணுவிலிருந்து வந்து மூடிக்கொள்ளும். ஆனால் மூடிக்கொள்ள அதற்கு நாள் வேண்டும். சாதாரண புல் களம் வாரத்துக்கு ஏறக்குறைய 20 முதல் 25 மணி நேர ஆட்டத்தைத்தான் தாங்கும் என்பது பராமரிப்பவர்கள் கையாளும் பொதுக் கணக்கு. மண், வடிகால், பருவத்தைப் பொறுத்து அது கூடும், குறையும்.

இதைவிட முக்கியம் மழை. ஈர மண்ணைக் கால்கள் மிதிக்கும்போது மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றுத் துளைகள் நசுங்கிவிடும். வேருக்கு மூச்சில்லை, தண்ணீரும் இறங்காது. மேலே பச்சையாக இருக்கும். இரண்டு வாரம் கழித்துத்தான் மஞ்சள் தெரியும். ஒரு தடவை, மழை நின்ற ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய அணியின் நிர்வாகி வந்து ‘போட்டி அறிவித்தாகிவிட்டது’ என்று நின்றார். குரலை உயர்த்தினார். நான் சாவியைக் கொடுத்துவிட்டேன். அந்தத் தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்கு இரண்டு கோல் வாய்களும், அதாவது கோல் கம்பங்களுக்கு முன்னாலுள்ள தரை, பத்து வாரம் மொட்டையாகக் கிடந்தன. அவர் கட்டிய வாடகை, இறுகிய மண்ணில் துளைபோடும் எந்திரத்தை ஒரு நாள் வரவழைக்கக்கூடப் போதவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரே சோதனைதான். கோல் வாயில் குதிகாலை ஊன்றி அழுத்துவேன். சுற்றிலும் தண்ணீர் கசிந்து வந்தால் அன்றைக்குப் பூட்டு. யார் வந்தாலும் பூட்டு. பணம் முழுதும் திருப்பித் தரப்படும் என்று முன்பதிவுச் சீட்டிலேயே அச்சடித்துவிட்டோம். அதன் பிறகு குரல்கள் பாதியாகத் தணிந்தன.

கே: வாடகையை எப்படிக் கணக்கிடுவது? எங்கள் குழு பக்கத்து மைதானம் வாங்குவதைப் பார்த்து அதே தொகையைப் போட்டுவிட்டது. மூன்று வருடமாக நஷ்டம்.

ப: பக்கத்து மைதானமும் யாரையோ பார்த்துத்தான் போட்டிருக்கும்!

பெரும்பாலான குழுக்கள் தவறுவது வகுத்தலில். வருடச் செலவை எத்தனை மணியால் வகுத்தீர்கள்? ஒரு நாளைக்கு 16 மணி திறந்திருக்கிறது என்று 365-ஆல் பெருக்கினால் 5,840 வரும். புல் தாங்குவது வாரம் 25 மணி. மழைக்கும் புல் புதுப்பிப்புக்கும் எட்டு வாரம் கழித்தால் 44 வாரம். ஆக 1,100 மணிதான் உங்களால் விற்க முடிந்தது. முதல் எண்ணால் வகுத்தவர் ஐந்தில் ஒரு பங்குக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ‘கூட்டம் அலைமோதுகிறது, காசுதான் நிற்கவில்லை’ என்று புலம்புவார்.

விளக்குச் செலவை வாடகைக்குள் கரைக்காதீர்கள், ரசீதில் தனி வரியாகக் காட்டுங்கள். 1,000 வாட் விளக்குகள் பதினாறு என்றால் மணிக்கு 16 யூனிட். பகலில் ஆடுகிறவர் அதை ஏன் சுமக்க வேண்டும்? உங்களுடையது பழைய மெட்டல் ஹாலைடு விளக்கானால் இன்னொன்று: அணைத்தால் சூடு ஆறும்வரை மறுபடி எரியாது, பத்து நிமிடம் போய்விடும். எனவே இரவு ஸ்லாட்டுகளை இடைவெளியில்லாமல் அடுத்தடுத்துக் கொடுங்கள். எல்.இ.டி.க்கு இந்தத் தொல்லை இல்லை.

தண்ணீரை எல்லோரும் மறப்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். முழுக்களத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் பாய்ச்சினால் 35,700 லிட்டர், ஒரே தடவைக்கு. செயற்கைப் புல் போட்டால் இது பெரிதும் மிச்சம், ஓய்வும் வேண்டாம். ஆனால் அந்த விரிப்பு எட்டிலிருந்து பத்து வருடத்தில் தேய்ந்துவிடும். மாற்றுவதற்கான பணத்தில் பத்தில் ஒரு பங்கை முதல் வருடத்திலிருந்தே தனிக் கணக்கில் போடுங்கள். செய்யாதவர்கள் ஒன்பதாம் வருடம் நன்கொடை நோட்டோடு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

கே: முன்பதிவு செய்துவிட்டு வராத அணிகளுக்கு அபராதம் போட்டோம். வராதவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள்! இது என்ன வேடிக்கை?

ப: வேடிக்கைதான், ஆனால் உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் சிலவற்றில், பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள் யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள். தாமதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆய்வு வெளியானது 2000-இல். முன்பு ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் ‘அதான் காசு கட்டுகிறோமே’ என்றாகிவிட்டது.

உங்கள் அணிகளும் சின்ன அபராதத்தை ‘வராமல் இருப்பதற்கான கட்டணம்’ என்று எடுத்துக்கொண்டுவிட்டன. பணத்தை விடுங்கள், நேரத்தைப் பிடியுங்கள். சொல்லாமல் ஒரு முறை வராவிட்டால் தொலைபேசியில் ஒரு பேச்சு. இரண்டாம் முறை, அடுத்த வாரத்து ஸ்லாட் போகும். மூன்றாம் முறை, அந்த சீசன் முழுக்க மாலை நேரம் கிடையாது. 48 மணி நேரத்துக்கு முன் சொல்லி விட்டுக்கொடுத்தால் முழுப்பணமும் திருப்பிக் கொடுங்கள். விட்டுக்கொடுப்பது எளிதாக இருக்க வேண்டும்.

கே: ஒரு கோச் குறைந்த ‘பொதுநல’ கட்டணத்தில் களத்தை எடுத்து, முப்பது பிள்ளைகளிடம் மாதக் கட்டணம் வசூலிக்கிறார். கேட்டால் ‘பிள்ளைகளுக்குத்தானே’ என்கிறார்.

ப: பிள்ளைகளுக்குத்தான், பணம் அவருக்கு. கோபப்பட வேண்டாம், அவர் தொழில் செய்கிறார்; தொழிலுக்கான கட்டணத்தைக் கட்டட்டும். முன்பதிவுப் படிவத்தில் ஒரே கேள்வி சேருங்கள்: ‘ஆடுகிறவர்களிடம் கட்டணம் வசூலிக்கிறீர்களா?’ ஆம் என்றால் முழுக் கட்டணம். சலுகை வேண்டுமானால், முப்பதில் ஐந்து பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லாட்டை இன்னொருவருக்குக் கைமாற்றினால் ரத்து என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

கே: நாங்கள் பெண்கள் அணி. இரண்டு வருடமாக மாலை நேரம் கேட்கிறோம். ‘பழைய அணிகளுக்கு முன்னுரிமை’ என்கிறார்கள். நாங்கள் எப்போது பழைய அணி ஆவது?

ப: இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை எடுக்கவில்லை.

இதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்கள் அணி ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் வரும். நான் பதிவேட்டைப் புரட்டி, போன வருடம் யாருக்கு எந்த நேரமோ அதையே திரும்ப எழுதியிருப்பதைக் காட்டுவேன். ‘அடுத்த சீசன் பார்ப்போம்மா.’ மூன்று சீசன் அப்படிச் சொன்னேன். நான்காவது சீசனுக்கு அவர்கள் வரவில்லை. எனக்கு அன்றைக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு சண்டை குறைந்தது என்று. பழைய அணிகள் எதுவும் என்னை ஏமாற்றவில்லை. போன வருடத்துப் பக்கத்தைப் பார்த்து எழுதுவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் குழுவிடம் இப்படிக் கேளுங்கள்: ஒவ்வொரு சீசனும் மாலை ஸ்லாட்டுகள் எல்லாம் காலி என்ற நிலையிலிருந்து தொடங்கட்டும். எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை பேர் பிள்ளைகள், போன சீசனில் எத்தனை நாள் வராமல் விட்டார்கள் என்பதைக் கொண்டு வரிசைப்படுத்தட்டும். நாலில் ஒரு ஸ்லாட்டைப் புது அணிகளுக்கென்று ஒதுக்கிச் சீட்டுக் குலுக்கட்டும். முடிவை யாருக்கு எது, எதனால் என்று பலகையில் ஒட்டட்டும். ஒட்ட மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் ‘பார்ப்போம்மா’ சொல்வதுபோல் அதை எழுத்தில் சொல்ல வராது. எனக்கு வந்திருக்காது.

கே: ஆப் ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தகராறெல்லாம் தீர்ந்துவிடாதா?

ப: சில தீரும். ரசீதைக் கைமாற்றுவது, ஒரே நேரத்தை இருவருக்குக் கொடுப்பது, ‘நான் போன் செய்தேனே’ எல்லாம் போய்விடும். ஆனால் முந்தியவருக்கே முதலிடம் என்று அதில் வைத்தால், நள்ளிரவில் திறந்ததும் விரல் வேகமாக இருப்பவர் அத்தனையையும் அள்ளிவிடுவார். மூன்று நாள் விண்ணப்பத்துக்கு விட்டு, பிறகு ஒதுக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். போன் இல்லாதவர் நேரில் வந்து எழுதிக் கொடுக்கவும் ஒரு வழி இருக்கட்டும். வாட்ச்மேனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மழை விட்ட மாலையில் கோல் வாயில் குதிகாலை ஊன்றிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.